ஜீப்புக்குக் கொக்கி போட்டவர்

அவர் ஒரு ஆளை முதன்முதலாகப் பார்த்தால் பெயரைக் கேட்கமாட்டார். எந்தத் தோட்டம் என்றும் கேட்கமாட்டார். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு எடையைச் சொல்வார்.

என்னைப் பார்த்ததும் "நூத்திப் பதினெட்டு" என்றார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஜீப் ஓட்டும் வேலைக்குப் புதிதாக வந்து, அவருடைய கராஜ் வாசலில் பயந்துகொண்டு நிற்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுத்தாண்ணே வந்தேன்."

"அப்ப நூத்திப் பதினேழு" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குக் கீழே போய்விட்டார்.

பிள்ளைகளே, அது ராத்தல் கணக்கு. நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற கிலோ எல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. சீனி, இறைச்சி, கொழுந்து எல்லாம் ராத்தல்தான். நூற்றுப்பன்னிரண்டு ராத்தல் சேர்ந்தால் ஒரு அந்தர். நான் இரண்டு வாரம் கழித்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த எடை மெஷினில் யாரும் பார்க்காத நேரமாக ஏறிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு காட்டியது. அதை ஆசையோடு ஓடிவந்து அவரிடம் சொன்னேன். "சாப்பிட்டுட்டு ஏறியிருப்பே" என்றார்.

தெமோதரைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அது அவர் பொறுப்பு. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் உள்ள மெஷின்கள், தண்ணீர்க் குழாய், லொறி, ஜீப், துரை பங்களாவின் கதவுக் கீல் எல்லாம் அவர் கையில். கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்று கூப்பிடுவோம். முகத்துக்கு நேரே அவர் பாஸ். முதுகுக்குப் பின்னால் ராத்தல் பாஸ். அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் பிள்ளைகளில் யாராவது வந்து, எங்கப்பாவைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சண்டைக்கு நிற்பார்கள். அதிலும் அந்த மூத்த மகன் இருக்கிறானே, நூற்றெழுபது ராத்தலுக்குக் குறைய மாட்டான்.

உங்கம்மாவுக்கு இன்றைக்கும் அவர்மேல் ஒரு கோபம் உண்டு. எங்கள் கல்யாணத்தன்று எல்லோரும் மணமேடைக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். இவரும் வந்தார். திருநீறு பூசிவிட்டார். பிறகு என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மத்தளக்காரனுக்கும் கேட்கிற மாதிரி, "பொண்ணு தொண்ணூத்தி ரெண்டு. மாலையோட தொண்ணூத்தி ஏழு" என்றார். உங்கம்மா குனிந்த தலையை நிமிர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணப் பெண் அப்படிப் பார்க்கக் கூடாது என்று என் மாமியார் கிள்ளிவிட்டார்.

அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ஆனால் தீபாவளிக்கு லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், பத்துக் குடும்பம் சேர்ந்து ஆட்டுக் கிடாய் வாங்கிப் பங்கு போடும்போது, கிடாயை முதலில் அவர் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். காதைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்குவார். "முப்பத்தொம்பது. கறி இருவது தேறும். குடல் பெருசு, ஏமாந்துராதீங்க." அப்படியே இருக்கும். மாரியம்மன் திருவிழாவில் சப்பரம் தூக்கும்போதும் அவர் முன்னால் நடந்துகொண்டே கத்துவார். "இடது பக்கம் இன்னும் ரெண்டு பேரு தோள் குடுங்கப்பா. ஆத்தா இன்னைக்கு இடது பக்கம் சாயுறா!"

தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்ட காலத்தில், பிறந்த சான்று, தோட்டத்துச் சான்று, அப்பாவின் பதிவுத் துண்டு, தாத்தாவின் பதிவுத் துண்டு என்று அவரும் ஒரு கட்டு சேர்த்தார். தபாலில் போடுவதற்கு முன் கையில் ஏந்திப் பார்த்தார். "ஒண்ணரை ராத்தல்" என்றார். இரண்டு வருஷம் கழித்து, இல்லை என்று பதில் வந்தது. அதையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "கால் அவுன்ஸ்கூட இல்ல" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு ஆளின் எடையை மட்டும் அவர் சொன்னதே இல்லை. அவர் பொஞ்சாதி. அந்த அக்கா அவரைவிட ஒரு சாண் உயரம், அகலமும் அதற்குத் தக்கபடி. நாங்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்தோம். "வீட்டுல தராசு வேலை செய்யாதுப்பா" என்று நழுவிவிடுவார்.

அப்படிப்பட்டவர் கைக்கு ஒரு கொக்கி வேலை வந்தது. என் பிழைப்பும் அதோடு சேர்ந்து அவர் கைக்குப் போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசன், ஸ்டோரிலிருந்து மூன்று மைல் பள்ளத்தில் இருந்தது. அங்கே பறிக்கிற கொழுந்தை மூட்டையாகக் கட்டி ஆட்கள் தலைச்சுமையாகத்தான் மேலே கொண்டுவருவார்கள். வந்து சேர்வதற்குள் மூட்டையின் நடுவில் கொழுந்து புழுங்கிச் சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்தில் நல்ல தேத்தூள் வராது. இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் துரை, தியத்தலாவை பட்டாள முகாமில் ஏலத்துக்கு வந்த டிரெய்லர் ஒன்றை எடுத்துவந்தார். இரண்டு சக்கரம், ஒரு இரும்புப் பெட்டி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தின் நுனியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு வளையம். ஆனால் அதை மாட்டி இழுக்க ஜீப்பின் பின்னால் ஒன்றும் இல்லை.

துரை என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் டீமேக்கர் ஐயா நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோருக்குப் பொறுப்பு. துரை இங்கிலீஷில் சொன்னதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

"தம்பி, சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குக் கீழ் டிவிசன் கொழுந்து பச்சையாய், குளிராய் இஞ்ச வரவேணுமாம். டிரெய்லரிலை ஆக்களை ஏத்தக்கூடாதாம். ஏத்தினால் நீர் திரும்பக் கவ்வாத்துக்குத்தான் போகவேணும் எண்டு சொல்லுறார்."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலை. அதை நான் நான்கு வருஷம் செய்தவன். கத்தி பிடித்துப் பிடித்துக் கை இரவெல்லாம் மடங்கியே கிடக்கும். அதிலிருந்து தப்பித்துத்தான் லொறியில் கிளீனராக ஏறி, ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, இந்த ஜீப்புக்கு வந்திருந்தேன். மூத்தவள் அப்போது உங்கம்மா வயிற்றில். அந்த வேலையை விட எனக்கு மனசே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பாஸிடம் ஓடினேன். "அண்ணே, ஒரு கொக்கி போடணும். இன்னைக்கே முடியும்ல?"

"எவ்வளவு இழுக்கணும்?"

"கொழுந்துண்ணே."

"கொழுந்துன்னா என்ன, காத்தா? எவ்வளவு ராத்தல்?"

எனக்குத் தெரியவில்லை. டீமேக்கர் ஐயாவிடம் அழைத்துப் போனேன். அவர் பெரிய புத்தகத்தைப் புரட்டி, "கீழ் டிவிசன் மத்தியான நிறுவை எண்ணூற்றி ஐம்பது றாத்தல். போதுமோ?" என்றார்.

"இது மடுவத்துல நிறுத்ததுங்களா ஐயா?"

மடுவம் என்றால் மலையிலே கொழுந்து நிறுக்கிற கொட்டகை. "ஓம். கணக்கப்பிள்ளை நிறுத்து எழுதினது."

"அவரு கூடைக்குக் கழிச்சிருப்பாரு, மழை ஈரத்துக்கும் கழிச்சிருப்பாருல்ல?"

"வழமைபோலக் கழிச்சுத்தான் எழுதுவினம்."

"கூடைக்குக் கழிச்சது சரிங்க ஐயா. கூடை வண்டியில வராது. ஈரத்துக்குக் கழிச்சீங்களே, அந்தத் தண்ணி வண்டியில வருமா, வராதா?"

டீமேக்கர் ஐயா புத்தகத்தையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். "வரும்தான்" என்றார்.

"அப்ப புத்தகம் கொக்கிக்கு உதவாதுங்க."

புதன்கிழமை முழுக்க அவர் ஒரு கொக்கித் தராசைத் தூக்கிக்கொண்டு கீழ் டிவிசனுக்கே நடந்துபோய், ஈரக் கொழுந்தைச் சாக்கில் கட்டித் தூக்கி நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். சாக்கு மூட்டை ஒன்று ஐம்பத்திரண்டு ராத்தல். இருபது மூட்டை ஆயிரத்து நாற்பது. "பாத்தியா? புத்தகத்துல இல்லாத நூத்தித் தொண்ணூறு ராத்தலு உன் முதுகுக்குப் பின்னால வருது" என்றார். எனக்கு ஆத்திரம். ஒரு நாள் போய்விட்டது. இன்னும் ஒரு ஆணி கழற்றவில்லை. அந்த நூற்றுத்தொண்ணூறைப் பறித்த பெண்களுக்கு அதற்கான கூலி எந்த நாளிலும் கிடைக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்கும். அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை அவரைக் கண்டால் வேறு பாதையில் போவார்.

வியாழக்கிழமை காலையில் கராஜ் மேசையில் மூன்று கொக்கிகளைப் பரப்பிவைத்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்.

முதலாவது, பதுளை டவுன் இரும்புக் கடையில் துரை ஆசைப்பட்டு வாங்கியது. நல்ல பளபளப்பான இரும்பு உருண்டை. அதன்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மாட்டவேண்டும். "பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா இதுக்குக் கிண்ணம் வேணும், நம்மகிட்ட இருக்கிறது வளையம். வளையத்தை வெட்டி எறிஞ்சிட்டுக் கிண்ணம் வைக்கணும். ஆயிரத்து நாப்பதைத் தாங்கும்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இரண்டாவது, மேலும் கீழும் இரண்டு தகடு, நடுவில் குறுக்கே ஒரு ஆணி. வளையத்தை இடையில் விட்டு ஆணியை இறக்கினால் போதும். எனக்கு அது பிடித்திருந்தது, ஒரு மணி நேர வேலை. "இதுல வளையம் பக்கவாட்டுல மட்டுந்தான் திரும்பும்" என்றார் அவர். "நம்ம ரோடு பக்கவாட்டுல மட்டுமா ஆடுது? ஏறும், இறங்கும், முறுக்கும். ரெண்டு மாசத்துல ஆணி வளைஞ்சிரும்."

மூன்றாவது பட்டாளத்துக் கொக்கி. டிரெய்லரோடு ஏலத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. கறுப்பாக, அசிங்கமாக, யானைத் தந்தம் மாதிரி வளைந்து, மேலே ஒரு தாடை. வளையத்தைப் போட்டுத் தாடையை மூடி, அது திறக்காமல் ஒரு ஊசி செருகவேண்டும். வளையம் அதற்குள் எந்தப் பக்கமும் திரும்பும். கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். "பதினாலு ராத்தல். இதுதான்."

"சரிண்ணே, பம்பர்ல மாட்டிருவோமா?"

"பம்பர் முட்டு வாங்கறதுக்குடா. இழுக்கறதுக்கில்ல. இழுத்தா பம்பரு மட்டும் டிரெய்லரோட நின்னுக்கும், நீ ஜீப்போட ஸ்டோருக்கு வந்திருவே."

பம்பருக்கு உள்ளே, ஜீப்பின் அடிச்சட்டத்தில் குறுக்காக ஒரு இரும்பு உத்திரம் உண்டு. அதில்தான் கொக்கி நிற்கவேண்டும் என்றார். உத்திரத்துக்கு முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு தகடு, ஆறு போல்ட். அதற்கு முன் கொக்கி எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்று பார்க்கவேண்டுமாம். டிரெய்லர் மட்டமாக நிற்கிற உயரத்தை அளந்தார். "இது வெறும் ஜீப்பு. கனம் ஏறினா ஜீப்போட பின்பக்கம் அமுங்கும். அப்ப அளக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். மூட்டை எதுவும் இல்லை. ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்க டீமேக்கர் ஐயா வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம் இப்பிடி ஏறி உக்காருங்க."

"ஏன் காணும்?"

"கனத்துக்குங்க."

"உமக்கு நான் என்ன, கொழுந்து மூட்டையோ?"

"மூணரை மூட்டைங்க ஐயா. நூத்தி எழுபத்தெட்டு."

வேலையாட்கள் எல்லோரும் அவசர அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டீமேக்கர் ஐயா சிவந்துபோனார். ஆனாலும் மனுஷன் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பையிலிருந்து பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டார். பாஸ் கீழே படுத்து நிதானமாக அளந்தார். "ஐயா, பக்கத்தைத் திருப்பாதீங்க, ஆடுது" என்றார். ஜீப் ஒன்றே கால் அங்குலம் அமுங்கியிருந்தது. அந்த ஒன்றே கால் அங்குலத்தைக் கூட்டித்தான் கொக்கிக்கு இடம் குறித்தார்.

ஓட்டை போடக் கை டிரில்தான். வியாழன் மிச்சமும் வெள்ளி முழுக்கவும் அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் வாங்கிச் சுற்றுகிறேன் என்றால் தரமாட்டார். "உன் மனசு சனிக்கிழமையில இருக்கு. ஓட்டை சாஞ்சு போகும்." ஆறு போல்ட்டும் இறுக்கின பிறகு, கொக்கிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சங்கிலி மாட்டினார். வலது சங்கிலி டிரெய்லரின் இடது பக்கத்துக்கு, இடது சங்கிலி வலது பக்கத்துக்கு.

"கொக்கிதான் இருக்கே அண்ணே, சங்கிலி எதுக்கு?"

"கொக்கி விட்டா?"

"ஏன் குறுக்க மாட்டுறீங்க?"

"விட்டா கம்பம் இந்தச் சங்கிலி மடியில விழும். ரோட்டுல குத்தி டிரெய்லரு உன் தலைக்கு மேல வராது" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் நானும் அவரும் கீழே போனோம். நல்ல மழை. மூட்டைகளை அவர் யாரையும் அடுக்க விடவில்லை. அச்சுக்கு முன்னால் பதினொன்று, பின்னால் ஒன்பது. நடுநடுவே கம்பத்தைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "மூக்கு கொஞ்சம் கனமா இருக்கணும். ஒரு ஆளு கனம். அப்பத்தான் டிரெய்லரு சொன்ன பேச்சு கேட்டு வரும். வாலு கனத்துச்சுன்னா மூக்கு கொக்கியைத் தூக்கும், கொக்கி ஜீப்பைத் தூக்கும், உன் சக்கரம் மண்ணுல பிடிக்காது." நூற்றிருபது ராத்தல் என்று முடிவு செய்து, தாடையை மூடி, ஊசியைச் செருகி, ஜீப்பின் பின்னால் ஏறி, கொக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காவல் இருக்கிற பொம்பளை மாதிரி.

நான் ஓட்டுகிற பக்கம் போகும்போதுதான் டிரெய்லருக்குப் பின்னால் ஐந்து பெண்கள் நிற்பதைப் பார்த்தேன். அரைநாள் முடிந்து மேலே லயத்துக்குப் போகவேண்டியவர்கள். தலையில் மழைக்குப் போட்ட கொங்காணிச் சாக்கு நனைந்து முகத்தில் தண்ணீர் வழிகிறது. அதில் மூத்தவள் கேட்டாள்.

"ஏன் தம்பி, நாங்க பறிச்ச கொழுந்து வண்டியில சொகுசாப் போவுது. பறிச்ச நாங்க மழையில நடக்கணுமா?"

"துரை ஏத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா."

"துரை இங்கயா நிக்கிறாரு? நாங்க என்ன பெரிய கனமா?"

"கோயில் முடக்குக்கு முன்னாடி இறங்கிடணும்" என்று மெதுவாகச் சொன்னேன். ஐந்து பேரும் சத்தமில்லாமல் டிரெய்லரின் பின்பலகையில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். மூட்டைகள் உயரமாக இருந்ததால் பாஸுக்கு அவர்கள் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் முணுமுணுப்புக் கேட்டது. "இது என்ன கூத்து? மூக்கு லேசா இருக்கே." இன்னும் கொஞ்ச தூரம். வளையம் கொக்கித் தாடையில் தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. "இருவது மூட்டை நாந்தானே அடுக்கினேன்? பதினொண்ணு, ஒம்பது. எண்ணிக்கை சரி. நிறுவை தப்பிருச்சா?" வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மனுஷனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. விரல்விட்டு மறுபடி எண்ணினார். நான் குற்றவாளி மாதிரி ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

பேச்சு ருசியில் பெண்கள் முடக்கை மறந்துவிட்டார்கள். நானும் பயத்தில் நிறுத்த மறந்துவிட்டேன். கோயில் முடக்கு என்கிற அந்த வளைவு செங்குத்தான ஏற்றம். ஒரு பக்கம் மண்சுவர். மறுபக்கம் பள்ளம், அடியில் ஓடை. பாதி ஏறியதும் பின்சக்கரம் சேற்றில் சும்மா சுற்றியது. அழுத்தினேன். ஜீப்பின் பின்பக்கம் பள்ளத்துப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது.

"அமுக்காதே! அமுக்காதே!" என்று கத்திக்கொண்டே பாஸ் மூட்டைகள்மேல் தவழ்ந்து ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "நாலே கால் அந்தரு வால்ல தொங்குதுடா!" என்று அலறினார். "இறங்குங்கடி எல்லாம்!"

"முடக்கு தாண்டி இறங்குறோம் பாஸு. சேத்துல எப்பிடி இறங்குறது?" என்றாள் மூத்தவள். நிலைமை அவர்களுக்குத் தெரியவில்லை. ஜீப் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பாஸ் அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

"நூத்தி இருபத்தாறு!"

"என்னது?"

"நீதான். நூத்தி இருபத்தாறு ராத்தலு!"

"அடப்பாவி மனுஷா, யாரைப் பாத்து?" என்று அவள் அவரை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு கீழே குதித்தாள். விரல் அடுத்தவள் பக்கம் திரும்பியது. "எண்பத்தெட்டு! அதுக்கு அடுத்தது நூத்தி" என்பதற்குள் மற்ற நான்கு பேரும் தங்கள் எண்ணைக் கேட்கப் பிடிக்காமல் தொப்புத் தொப்பென்று சேற்றில் குதித்துவிட்டார்கள்.

மூக்கு கொக்கியில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. சக்கரம் பிடித்தது. ஜீப் முடக்கை ஏறியது. பின்னால் அந்த ஐந்து பேரும் அவரை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவது வெகுதூரம் கேட்டது.

அவர் திரும்பவும் கொக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டோர் வாசலில் துரை நின்றார். மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம் இருந்தது. துரை ஒரு மூட்டையை அவிழ்த்து முழங்கைவரை கையை விட்டார். கொழுந்து குளிர்ச்சியாக இருந்தது. தலையை ஆட்டினார். கொக்கியை, சங்கிலியை, போல்ட்டுகளைக் குனிந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழிலேயே சொன்னார். அப்படியே டிரெய்லரைச் சுற்றிப் பின்னால் போனார். பின்பலகையில் ஒரு படங்கு மாட்டிக்கொண்டு தொங்கியது. கொழுந்து பறிக்கிற பெண்கள் சேலை நனையாமல் இடுப்பில் கட்டுகிற சாக்குத் துண்டு அது.

துரை என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரிடம்தான் கேட்டார். தோட்டம் முழுக்கத் தெரியும், எடை என்றால் இந்த ஆள் பொய் சொல்லமாட்டார் என்று. துரைக்கும் தெரியும்.

"பாஸ், எத்தனை ராத்தல் வந்திச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குக் கவ்வாத்துக் கத்தி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஆயிரத்து நாப்பதுங்க துரை."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லைங்க."

சொன்னவரின் முகம் சுண்ணாம்பு அதிகமாகிப்போன வெற்றிலையைக் கடித்தவர் மாதிரி ஆகிவிட்டது. துரை அந்தப் படங்கைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். என் வேலை தப்பியது.

அதற்குப் பிறகு அவர் யாருடைய எடையையும் சொல்லவில்லை. ஆபீசுக்குப் புதிதாக வந்த கிளாக்கர் கராஜ் வாசலில் வந்து நின்றார். "என்ன வேணுங்க?" என்று மட்டும் பாஸ் கேட்டார். தீபாவளிக் கிடாயை இழுத்துக்கொண்டு போனார்கள். "தராசுல போட்டுப் பாருங்க" என்று உள்ளே போய்விட்டார். கிடாய் எடை தெரியாமல் வாங்கிப் பங்கில் கறி குறைந்து, லயத்துக்குள்ளேயே சண்டை. அவர் பொஞ்சாதியே என்னிடம் வந்து, "என்ன தம்பி ஆச்சு இவருக்கு? கேலி பண்ணக்கூட ஒண்ணும் இல்லாம இருக்காரு. வீடு வீடா இல்ல" என்றார்.

உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவர்மேல் கோபக்காரிதானே. ஆனால், "உங்க வேலைக்காக அவரு வாயைப் பிடுங்கிட்டீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் டீமேக்கர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். பாஸ் அன்றைக்குப் பொய் சொன்னது எனக்காக, ஐந்து பேரை ஏற்றியது நான் என்று சொன்னேன். ஐயா அதை இங்கிலீஷில் சொல்லும்போது, இரண்டு தடவை நிறுத்தி, "இதையும் சொல்லட்டோ?" என்று என்னைக் கேட்டார். சொல்லுங்கள் என்றேன். துரை வெகுநேரம் புகைக்குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆறு மாதம் கவ்வாத்து, அதன்பிறகு ஜீப் என்றார்.

இறங்கி நேரே கராஜுக்கு வந்தேன். அவர் ஜீப்புக்குக் கீழே கிடந்தார். இரண்டு கால் மட்டும் தெரிந்தது. கால்களைப் பார்த்தே சொன்னேன்.

"அண்ணே, துரைகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்."

கீழே ஸ்பானர் சத்தம் நின்றது.

"எவ்வளவுன்னு சொன்னே?"

"அஞ்சு பேருன்னு சொன்னேண்ணே."

"ஆளைக் கேக்கலடா. எடையைக் கேட்டேன்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் மெதுவாக வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். முகத்தில் அந்தப் பழைய களை வந்திருந்தது.

"நானூத்தி எண்பத்து மூணு" என்றார். "போ. போயி அதையும் சரியாச் சொல்லிட்டு வா."

பங்களாவுக்கு அரை மைல் ஏற்றம். நான் மறுபடி ஏறினேன்.